இலை கொட்டும் காலத்தில் எதை வாசிப்பது? பினாங்கு வாசிப்புக் குழுவின் முன் நான்கு பருவத் திட்டங்கள்

அடுத்த ஆண்டு முழுக்க எதை வாசிப்பது என்று இந்த மாதக் கடைசிக்குள் எங்கள் குழு முடிவுசெய்ய வேண்டும். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை குளுகோரில் ஒரு பாலாய் ராயாவில், அதாவது பொதுமண்டபத்தில், கூடுகிற 14 பேர் நாங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்டு பார்க்கிறவர்கள், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வருகிற அண்ணன், தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது மகன் வீட்டோடு இருக்கும் ஓர் அம்மா என்று கலவையான கூட்டம்.

இதுவரை மாதம் ஒரு புத்தகம் என்று போய்க்கொண்டிருந்தது. கையில் கிடைத்ததை வாசித்தோம். ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் ஒட்டுறவு இல்லாமல், பேசியதெல்லாம் பேசிய இடத்திலேயே நின்றுபோனது. பருவத்துக்கு ஒரு பொருள் வைத்து, அதைச் சுற்றிச் சில நூல்களைச் சேர்த்து வாசித்தால் பேச்சு வளரும் என்று கல்லூரிப் பிள்ளைகள் சொன்னார்கள். எல்லாருக்கும் சரி என்று பட்டது. எந்தப் பருவம், எந்தப் பொருள் என்பதில்தான் நான்கு யோசனைகள் வந்து நிற்கின்றன. நிறுத்துப் பார்த்து எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தமிழில் வாசிக்கும் வேறு குழுக்களுக்கும் உதவக்கூடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு யோசனையிடமும் நான் கேட்ட கேள்விகள் மூன்று. அந்தப் பொருளில் தமிழில் போதிய நூல்கள் உண்டா? 14 பேர் கைக்கும் அவை வந்து சேருமா? அந்த மாதங்களில் நம் வீடுகளில் வாசிக்க நேரம் இருக்குமா? நான்காவது ஒரு கேள்வியும் உண்டு. அது வாசலில் இறங்கி நின்றால் தெரிகிற பருவமா என்பது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் யோசனை பிங்கோ அட்டை. ஐந்துக்கு ஐந்து, 25 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நிபந்தனை: மஞ்சள் அட்டை போட்ட நூல், பனி பெய்யும் ஊரில் நடக்கும் கதை, துப்பறியும் நாவல், சமையல் வரும் நாவல் இப்படி. வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று மூன்று மாதத்துக்கு ஓர் அட்டை. இதைச் சென்ற ஆண்டு ஒரு பருவம் செய்து பார்த்துவிட்டோம். தொடக்கத்தில் நல்ல உற்சாகம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், அவரவர் வீட்டு அலமாரியில் இருப்பதிலிருந்தே தொடங்கலாம், புத்தகப் பிரதிக்கு அலைய வேண்டாம். இவையெல்லாம் உண்மையான வசதிகள்.

ஆனால் இரண்டாவது மாதத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. கட்டங்களை நிரப்பியவர்கள் நிரப்பியது பெரும்பாலும் ஆங்கில நூல்களால். அவர்கள்மேல் குற்றமில்லை. அந்த நிபந்தனைகள் ஆங்கிலப் புத்தக அலமாரியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பனி பெய்யும் ஊரில் நடக்கும் தமிழ்க் கதைக்கு எங்கே போவது? அட்டையின் நிறத்தைக் கேட்டால், தமிழில் ஒரே நாவல் ஐந்து பதிப்பகங்களில் ஐந்து நிறத்தில் கிடைக்கிறது. பள்ளியில் நீலாம் என்ற வாசிப்புத் திட்டத்துக்கு வாசித்த நூல்களைப் பிள்ளைகள் பதிவேட்டில் எழுதிக் காட்டும்போது, எண்ணிக்கைக்காகவே மெல்லிய புத்தகமாகத் தேடி எடுப்பதை டீச்சர் பார்த்திருக்கிறார். அதே வாடை இதிலும் அடிக்கிறது என்றார் அவர். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், கடைசிக் கூட்டத்தில் 14 பேரும் 14 வேறு நூல்களைப் பற்றிப் பேசியதுதான். ஒருவர் பேசும்போது மற்றவர்களுக்குக் கேட்பதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாவது, பண்டிகைக் காலண்டர். பொங்கலுக்கு உழவர் கதைகள், தைப்பூசத்துக்கு முருகன் இலக்கியம், நோன்பு மாதத்தில் தமிழ் இஸ்லாமிய இலக்கியம், தீபாவளிக்குச் சிறுகதைகள், கிறிஸ்துமசுக்கு வீரமாமுனிவர். இதைச் சொன்னவர் ஜெலுத்தோங்கில் இருக்கும் அக்கா. அவர் குடும்பம் நான்கு தலைமுறையாகப் பினாங்கில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். மூன்று மதத்துக்காரர்களும் ஒரே மேசையில் உட்காரும் குழுவில் ஒருவர் பண்டிகையை மற்றவர் வாசித்துத் தெரிந்துகொள்வது எவ்வளவு நல்ல காரியம் என்று அவர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. நூலுக்கும் பஞ்சமில்லை. 317 அடி கொண்ட திருமுருகாற்றுப்படையை உரையோடு ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ஒரு படலத்தை மட்டும் எடுத்து நிதானமாகப் படிக்கலாம்.

இடிப்பது மூன்றாவது கேள்வியில். பண்டிகை நெருங்கும் வாரங்களில்தான் நம் வீடுகளில் யாருக்கும் உட்கார நேரம் இருப்பதில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னாலிருந்து எங்கள் குழுப் பெண்களில் பாதிப் பேருக்கு முறுக்கு, அதிரசம், வீடு கழுவல். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்பட்டு, வழியெங்கும் மலைமலையாகத் தேங்காய் குவியும் நேரத்தில், தண்ணீர்ப்பந்தலில் நிற்பவர் கையில் எந்தப் புத்தகம் இருக்கும்? நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே போவதால், இந்த ஆண்டு போட்ட அட்டவணை அடுத்த ஆண்டுக்கு உதவாது. வாசிப்பைப் பண்டிகைக்குப் பிந்திய இரண்டு வாரங்களுக்குத் தள்ளிவைக்கலாம் என்று அக்காவே ஒரு வழி சொன்னார். அது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் பண்டிகை கலகலப்பாக முடிந்தபிறகு அதைப் பற்றிய நூலை எடுக்கும்போது, பந்தி முடிந்த பிறகு இலை போடுவதுபோல் எனக்கு ஒரு சுணக்கம் வருகிறது.

மூன்றாவது, பருவத்துக்கு ஒரே ஒரு பெருநாவல். பட்டர்வொர்த் அண்ணனின் யோசனை இது. முதலில் பொன்னியின் செல்வன். கல்கி அதைத் தொடராக எழுதியது 1950 முதல் 1954 வரை, மூன்றரை ஆண்டுகள். ஐந்து பாகம், 293 அத்தியாயம். 13 வாரத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 22, 23 அத்தியாயம் வரும். பயப்படத் தேவையில்லை என்கிறார் அண்ணன். அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றின் முடிவிலும் அடுத்ததற்கு ஒரு கொக்கி இருக்கும். தொழிற்சாலை பஸ்ஸில் போகிற நேரத்தில் இரண்டு முடிந்துவிடும். நாட்டுடைமையான நூல் என்பதால் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. பிரதிப் பிரச்சினை அறவே இல்லாத ஒரே யோசனை இதுதான்.

இதில் எனக்குள்ள பயம் வேறு. இரண்டு ஆண்டுக்கு முன் வேறொரு நீண்ட நாவலை இப்படி எடுத்தோம். நடுவில் இரவு ஷிப்டு மாறிய ஒரு தம்பி பின்தங்கிவிட்டார். அந்த மாதக் கூட்டத்துக்கு வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டாவது பாகமே இன்னும் முடிக்கலக்கா, எந்த முகத்தோட வர்றது?" என்றார். அந்தத் தம்பி பிறகு குழுவுக்குத் திரும்பவே இல்லை. சிறிய குழுவில் ஓர் ஆளை இழப்பது பெரிய இழப்பு. நாவல் நல்ல நாவல்தான். ஆனால் பாதியில் விட்டவருக்கு இந்த ஏற்பாட்டில் திரும்பி வர வாசல் இல்லை. அதனால் ஆண்டு முழுக்க இப்படியே போவதற்கு நான் உடன்பட மாட்டேன். ஏதாவது ஒரு பருவத்தில், பின்தங்கியவரும் வந்து உட்காரலாம் என்று முதலிலேயே சொல்லி வைத்துக்கொண்டு, ஒருமுறை செய்யலாம்.

நான்காவது யோசனையை டீச்சர் கொண்டுவந்தபோது, அது வகுப்பறை ஆகிவிடுமோ என்றுதான் முதலில் நினைத்தேன். தமிழின் ஆறு பெரும்பொழுதுகள்: ஆவணி, புரட்டாசி கார்காலம், ஐப்பசி, கார்த்திகை கூதிர், மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி, சித்திரை, வைகாசி இளவேனில், ஆனி, ஆடி முதுவேனில். இரண்டிரண்டு மாதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு திணை, ஓர் உணர்ச்சி. முல்லைக்குக் கார், அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது வருவான் என்று காத்திருப்பது. இப்படியே வாசிப்பையும் அமைக்கலாம் என்றார் டீச்சர்.

கல்லூரிப் பிள்ளை ஒன்று உடனே கேட்டது: "நம்ம ஊருல ஏது டீச்சர் பனி? இதுவும் வசந்தம், குளிர்காலம் மாதிரி வெளியூர் கணக்குத்தானே?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டு மழைக்கும் வெயிலுக்கும் வகுத்ததைப் பினாங்கில் ஒட்டவைத்தால், பிங்கோ அட்டைக்குச் சொன்ன அதே குறையை இதற்கும் சொல்ல வேண்டும். எனக்கு நானே வைத்துக்கொண்ட நான்காவது கேள்வி இங்கேதான் வேலை செய்தது.

சோதித்துப் பார்க்க அக்டோபர் கூட்டத்துக்குக் குறுந்தொகையிலிருந்து கார்காலப் பாட்டு நான்கை மட்டும் எடுத்து வந்தார் டீச்சர். நான்கு முதல் எட்டு அடிக்குள் அடங்கும் பாட்டுகள்; நான்கும் உரையோடு ஒரே தாளில் அச்சாகி எல்லார் கையிலும் இருந்தன. மூலம் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாவது பாட்டைப் படிக்கத் தொடங்கியபோது வானம் உடைந்துகொண்டது. பாலாய் ராயாவின் துத்தநாகக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் டீச்சரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது, ஒரு சொல்லும் காதில் விழவில்லை. நிறுத்திவிட்டோம். இருபது நிமிடம் எல்லாரும் கையில் தாளோடு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழை வந்துவிட்டது, சொன்னபடி அவன் வரவில்லை என்ற பாட்டு கையில் இருக்க, வெளியே மழை. பினாங்கில் ஆண்டிலேயே அதிக மழை செப்டம்பர், அக்டோபரில்தான். தமிழ்நாட்டில் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் என்று பார்த்தால், ஆவணியும் புரட்டாசியும் கார் என்ற கணக்கு எங்கள் தீவுக்கு இன்னும் நெருக்கமாகவே பொருந்துகிறது. ஜனவரி, பிப்ரவரி இங்கே வறட்சி. வடகிழக்குப் பருவமழையின் வேகம் கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு பக்கம் இறங்கிவிட, நடுவில் மலைத்தொடர் தடுக்க, இந்தக் கரைக்கு வந்து சேர்வது குறைவு.

மழை விட்டதும் பேசியவர் தோட்டத்து அம்மா. பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருப்பவர், அதிகம் பேசமாட்டார். "மழ பேஞ்சா எங்களுக்குப் பால் வெட்டு இல்ல. பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற எடத்துக்கு, போயிட்டுத் திரும்பி வந்துடணும். மரம் நனைஞ்சிருந்தா பால் மங்குல சேராது, பட்டை வழியா வழிஞ்சு வீணாப் போயிடும். வெட்டு இல்லேன்னா சம்பளம் இல்ல. லயத்துல எல்லாரும் வாசல்ல உக்காந்து வானத்தையே பாத்துக்கிட்டிருப்போம்." முல்லைத்திணையின் இருத்தலுக்கு இதைவிட நல்ல உரையை நான் எந்தப் பதிப்பிலும் படித்ததில்லை.

பிறகு அவர் சொன்ன இன்னொன்றுதான் என் முடிவை மாற்றியது. "இலை உதிர்ற காலம் இல்லேன்னு யார் சொன்னது? மாசியில வந்து தோட்டத்தப் பாருங்க." பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு, இலை கொட்டும் காலம் ஒன்று உண்டு. வடக்கு மாநிலங்களில் மழை குறைந்த பிப்ரவரி, மார்ச்சில் இலைகள் மஞ்சளாகி, செம்மையாகி மொத்தமாகக் கொட்டும். தலைக்குமேல் நிழலாக இருந்த காடு சில வாரத்தில் வெறும் கிளையாக நிற்கும். பால் குறையும். புதுத் தளிர் இலையாகி முற்றும்வரை பல இடங்களில் வெட்டை நிறுத்திவைப்பார்கள். தளிரோடு பூவும் வந்து, அதற்கு ஐந்து மாதம்போல் கழித்துக் காய் வெடிக்கும். வெடித்துச் சிதறும் கொட்டைகளைப் பொறுக்கி விளையாடிய கதை தோட்டத்தில் வளர்ந்த எல்லாரிடமும் இருக்கும்.

டீச்சர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: பாலைத்திணைக்கு வேனிலோடு பின்பனியும் உரியது என்கிறது தொல்காப்பியம். பின்பனி என்பது மாசி, பங்குனி. பாலையின் உரிப்பொருள் பிரிதல். மரமெல்லாம் இலை இழந்து நிற்கும் அந்த இரண்டு மாதமும் எங்கள் மண்ணின் பாலை. எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வெளியூர்க் கணக்கு என்று நினைத்தது, எங்கள் தாத்தா பாட்டிமார் வேலை பார்த்த காட்டில் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்தப் பருவத்துக்கு நூல் தேட வேண்டியதே இல்லை. 1942, 1943இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம் அதைச் சொல்கிற நாவல். பிரிதல் என்ற ஒரு சொல்லின் கீழே நாலடிக் குறுந்தொகைப் பாட்டையும் இந்த நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் என்ன பேச்சு பிறக்கும் என்று நினைத்தாலே எனக்கு அடுத்த ஆண்டு சீக்கிரம் வராதா என்றிருக்கிறது.

இதிலும் குறைகள் உண்டு. முன்பனியை என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மார்கழி விடியலில் கொடிமலைமேல் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். சங்கப் பாட்டு உரையில்லாமல் இளையவர்களுக்கு ஓடாது. உரையைச் சொல்லத் தொடங்கினால் அது வகுப்பாகிவிடும் என்ற என் முதல் பயமும் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு கூட்டத்துக்கு நான்கு பாட்டு, அரை மணி நேரம், அதற்கு மேல் கூடாது என்று கட்டு வைக்க வேண்டும்.

ஜெலுத்தோங் அக்கா சொன்னது இன்னும் முக்கியம். "நாங்க தோட்டமே பாக்காதவங்க. எங்க பாட்டனார் கப்பல்ல வந்து இறங்கினதிலிருந்து கடைத்தெருதான். எல்லாத்தையும் ரப்பர் காட்டுல கொண்டுபோய் வச்சிட்டா நாங்க எங்க நிக்கிறது?" அவர் கேட்டது சரி. மலேசியத் தமிழர் என்றதும் தோட்டத்துக்கே போய்விடுவது எங்கள் எல்லாரிடமும் உள்ள பழக்கம். பினாங்குத் தமிழர் வரலாற்றில் துறைமுகத்துக்கும் வணிகத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. நல்லவேளையாக, நெய்தலுக்கு இன்ன பெரும்பொழுதுதான் என்று கட்டு இல்லை. ஆறும் அதற்கு உரியவை என்பார்கள் உரைகாரர்கள். எந்தப் பருவத்திலும் கடலை வைக்கலாம். ஆனி, ஆடியில் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி 1972இல் வெளிவந்தது. போர்க்காலத்தில் சுமத்ராவின் மேடானிலும் எங்கள் பினாங்கிலும் நடமாடும் தமிழர்களின் கதை. அதை வாசிக்கும்போது நாம் அன்றாடம் கடக்கிற தெருக்கள் வரும். பாலிக் பூலாவில் டுரியான் விழுகிற காலமும் அதுதான் என்பதால், அந்தக் கூட்டத்தை அங்கே வைக்க இப்போதே இரண்டு பேர் சொல்லிவைத்துவிட்டார்கள்.

பிரதிக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு பிரதி வைத்து 60 நாளில் 14 பேர் சுற்றுக்கு விட்டால் ஆளுக்கு எட்டு நாள்தான் கிடைக்கும். ஷிப்டு பார்க்கிறவருக்கு அது போதாது. மூன்று பிரதி என்றால் பன்னிரண்டு நாள், நான்கு என்றால் இரண்டு வாரத்துக்கு மேல். ஆகவே பருவத்துக்கு ஒரு நாவல், அதற்கு நான்கு பிரதி, செலவு குழு நிதியிலிருந்து. கடைகளில் இல்லாததைக் கோலாலம்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைக்க இரண்டு மாத அவகாசம் வேண்டும். நாவல் கைக்கு வராதவருக்கும் பாட்டுத் தாள் கையில் இருக்கும். பேசுவதற்கு ஒன்று இருக்கும். பெருநாவல் திட்டத்தில் விலகிப்போன தம்பிக்கு அன்று அது இருந்திருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என் வாக்கு ஆறு பருவத்துக்கு. பிங்கோ அட்டையிலிருந்து நடுக்கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: பருவத்துக்கு ஒரு நூல் அவரவர் விருப்பம், தமிழில் இருந்தால் போதும். பண்டிகை வாரங்களில் எந்தக் கெடுவும் வைக்க வேண்டாம். பொருள் தோன்றாத முன்பனிக்கு அண்ணனின் பொன்னியின் செல்வனைத் தரலாம். கார்த்திகைக் கடைசியில் தொடங்கினால் தைக்குள் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு.

ஆண்டை ஜனவரியில் தொடங்காமல் மாசியில், இலை கொட்டும்போது தொடங்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். முதல் கூட்டத்துக்குத் தோட்டத்து அம்மா எங்களைப் பெருநிலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவர் பிறந்த தோட்டம் இப்போது செம்பனையும் தாமான் குடியிருப்புமாகிவிட்டது. பக்கத்தில் உறவினர் ஒருவரின் சிறுதோட்டத்தில் இன்னும் சில ஏக்கர் பால்மரம் நிற்கிறதாம். காலையில் போனால் மரத்தடியில் உட்கார்ந்தே வாசிக்கலாம் என்றார். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அவர் போட்ட முதல் குரல்பதிவும் அதைப் பற்றித்தான்: "பாய் கொண்டாங்க. கொசு இருக்கும், நீளக் கால்சட்டை போட்டுக்குங்க. காஞ்ச எலை கணுக்கால் வரைக்கும் கெடக்கும், தீப்பெட்டி யாரும் எடுத்துட்டு வரக்கூடாது."